கிண்ணத்துக்கும் உதட்டுக்கும் நடுவே

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பில் ஆண்டுதோறும் நாம் கொடுக்கும் சொற்றொடர்களுள் ஒன்று, கிண்ணத்துக்கும் உதட்டுக்கும் இடையில் பல வழுக்கல்கள் உண்டு என்னும் பொருள்பட்ட ஆங்கிலப் பழமொழி. கைகூடிவிட்டது என்று நினைத்த செயல் கடைசி நொடியில் தவறிப்போவதைக் குறிக்க ஆங்கிலேயர் இதனை ஆள்வர். மாணவர்களில் பாதிப்பேர் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு, 'வழுக்கல்' சரியா 'நழுவல்' சரியா என்று நம்மிடம் கேட்பார்கள். மீதிப்பேர் தயக்கமின்றிக் 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்று எழுதிவிடுவார்கள். பின்னவர்க்கே மதிப்பெண் கூடுதலாகத் தருவது நம் வழக்கம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி மூன்றாவதாக ஒரு விடை எழுதியிருந்தார்: 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல.' இவ்விரு தமிழ்த் தொடர்களும் ஒன்றுதானா, ஆங்கிலத் தொடருக்கு எது நெருக்கம் என்று அவர் கேட்டபோது, நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அக்கேள்வியைத் தொடர்ந்து போனதில் நாம் முதலில் சென்று சேர்ந்தது கிரேக்க நாட்டுத் திராட்சைத் தோட்டம் ஒன்றில். முடிவில் வந்து நின்றது புதுச்சேரிக் கடற்கரையில். அந்தப் பயணத்தையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கிரேக்கக் கிண்ணமும் உரோமக் கவளமும்

பழமொழியின் பிறப்பிடமாகக் கிரேக்கர் சொல்லும் கதை சுருக்கமானது. சாமோஸ் தீவின் அரசன் அன்கையோஸ், பொன் ஆட்டுத்தோலைத் தேடி ஆர்கோ என்னும் கப்பலில் சென்ற வீரர்களுள் ஒருவன். அவன் தன் அடிமைகளைக் கசக்கிப் பிழிந்து ஒரு திராட்சைத் தோட்டம் வைத்தான். இத்தோட்டத்து மதுவை நீ சுவைக்கமாட்டாய் என்று ஒருவன் வருவதுரைத்தான். பழம் பழுத்துச் சாறு பிழிந்த நாளில் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி அரசன் அவனை அழைத்து எள்ளினான். கிண்ணத்துக்கும் உதட்டின் விளிம்புக்கும் நடுவே எவ்வளவோ உண்டு என்பதே அவன் தந்த மறுமொழி. அந்நேரம் தோட்டத்தில் காட்டுப்பன்றி புகுந்ததாகச் செய்தி வந்தது. அரசன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினான், பன்றியால் மாண்டான். மது கிண்ணத்திலேயே இருந்தது.

வருவதுரைத்தவன் அவ்வடிமைகளுள் ஒருவனே என்று சொல்லும் வழக்கும் உண்டு. அவ்வாறு கொண்டால் கதையின் முகமே மாறிவிடுகிறது. உழைத்தவன் வாய்க்கு எட்டாத மதுவை உழைப்பித்தவன் பருக நினைத்தான். அவன் வாய்க்கும் அது எட்டவில்லை. நாம் இன்று எதிர்பாராத இடையூற்றுக்குச் சொல்லும் இப்பழமொழி, பிறந்தபோது ஓர் அறத்தீர்ப்பாக இருந்திருக்கிறது.

உரோமரிடம் வந்தபோது மது போய் உணவு வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஔலுஸ் கெல்லியுஸ் என்னும் தொகுப்பாசிரியர், தமக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூத்த கேட்டோவின் பேச்சிலிருந்து ஒரு தொடரை எடுத்துக்காட்டுகிறார். வாய்க்கும் கவளத்துக்கும் நடுவே பலவும் குறுக்கிடக்கூடும் என்று கேட்டோ சொன்னாராம். நம் கை, வாய்ப் பழமொழிக்கு இது உடன்பிறப்பு. ஆனால் கேட்டோ அதோடு நிற்கவில்லை. கவளத்துக்கும் வயலில் நிற்கும் பசும்பயிருக்கும் இடையிலுள்ள தொலைவோ அதைவிட நெடிது என்றும் சேர்த்துச் சொன்னார். கேட்டோ வேளாண்மை பற்றி நூல் எழுதியவர்; பயிர் சோறாவதற்குள் நிகழக்கூடியவற்றை அறிந்தவர். கடைசி நொடித் தவறுதலை மட்டுமே பேசிய பழமொழியை அவர் நெடுங்காலத் தவறுதலுக்கும் நீட்டிவிட்டார்.

பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்மஸ் தொகுத்த பழமொழிக் களஞ்சியம் இவற்றை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. 1500இல் சிறு நூலாக வெளிவந்த அது, 1536க்குள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைக் கொண்ட பெருநூலாக வளர்ந்தது. அதிலிருந்து ரிச்சர்டு டேவர்னர் 1539இல் ஆங்கிலமாக்கிய வழியே கிண்ணமும் உதடும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. 'வழுக்கல்' என்ற சொல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கிரேக்கக் கதையில் கிண்ணம் வழுக்கவே இல்லை. அரசன்தான் அதைக் கீழே வைத்தான்.

பழமொழிகளின் பொருளை அகராதியில் தேடுவதைவிட ஒரு வாழ்க்கையில் பொருத்திப் பார்ப்பது நலம். கிண்ணம், கவளம், தாழி மூன்றையும் ஒருசேரப் பொருத்திப் பார்க்கத்தக்க வாழ்க்கை ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டில் உண்டு. அதன் பெரும்பகுதி இந்தியப் பெருங்கடலிலும் ஈராண்டு புதுச்சேரியிலும் நடந்தது.

வெள்ளியைத் தேடி வந்தவர்

கியோம் லெ ழாந்தி, ஆங்கில நூல்கள் வழியே லெ ஜென்டில் என்றும் நம்மவர்க்கு அறிமுகமானவர், 1725இல் பிரான்சின் கூத்தான்ஸ் நகரில் பிறந்தார். சமயப் பணிக்கென்று படிக்கத் தொடங்கி வானியலுக்குத் திரும்பியவர். பாரிசு அறிவியல் கழகத்தின் உறுப்பினர்.

அக்காலத்து வானியலாரின் பெருங்கேள்வி, பூமிக்கும் சூரியனுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பது. கோள்களின் தொலைவுகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு விகிதம் சொல்ல அவர்களுக்குத் தெரியும். அவற்றுள் ஒன்றையேனும் மைல் கணக்கில் சொல்லத் தெரியாது. 1716இல் எட்மண்டு ஹாலி ஒரு வழி சொல்லியிருந்தார். வெள்ளிக்கோள் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வரும்போது, சூரிய வட்டத்தின்மேல் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து கடக்கும். பெருவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரிவதுபோல, பூமியின் தொலைதூர இடங்களிலிருந்து பார்ப்போர்க்கு அப்புள்ளியின் பாதை சற்றே மாறித் தெரியும். அது நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் பல இடங்களில் நொடி பிசகாமல் குறித்து ஒப்பிட்டால், சூரியனின் தொலைவு கிடைத்துவிடும்.

ஆனால் வெள்ளிக் கடப்பு அரிதினும் அரிது. எட்டாண்டு இடைவெளியில் இரட்டையாக வரும். பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. ஹாலி கண்டுகாட்டிய நாள்கள் 1761, 1769 ஆகிய ஆண்டுகளின் ஜூன் மாதத்தில் அமைந்தன. அவற்றைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. அவருடைய அழைப்பை ஏற்று ஐரோப்பிய நாடுகள் உலகின் பல மூலைகளுக்கு ஆள் அனுப்பின. லெ ழாந்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் புதுச்சேரி.

1760 மார்ச்சு 26 அன்று அவர் பிரெஸ்து துறையில் கப்பலேறினார். ஜூலை 10 அன்று இன்றைய மொரிசியசு ஆகிய பிரெஞ்சுத் தீவை அடைந்தார். அப்போது பிரான்சும் இங்கிலாந்தும் ஏழாண்டுப் போரில் மோதிக்கொண்டிருந்தன. இந்தியாவுக்குக் கப்பல் கிடைக்காமல் மாதங்கள் கழிந்தன. 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. காற்று ஒத்துழைக்கவில்லை; கப்பல் அலைக்கழிந்து மே மாத இறுதியில் மலையாளக் கரையை நெருங்கியபோது, மாஹே ஆங்கிலேயர் வசமாகிவிட்டது, புதுச்சேரியும் வீழ்ந்துவிட்டது என்ற செய்தி எதிரே வந்தது.

புதுச்சேரி 1761 ஜனவரி 16 அன்றே சரணடைந்திருந்தது. அந்நகரின் கால் நூற்றாண்டு வாழ்வை நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, அவ்வீழ்ச்சிக்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடினார். கோட்டையும் மாளிகைகளும் வெற்றி பெற்றோரால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. லெ ழாந்தி புறப்பட்டுவந்த நகரம், அவர் வந்துகொண்டிருக்கும்போதே இல்லாமற்போயிற்று.

கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று அது நடுக்கடலில் இருந்தது. வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி சூரியன்மேல் ஊர்ந்ததை லெ ழாந்தி தொலைநோக்கியில் கண்ணாரக் கண்டார், நேரத்தையும் குறித்துவைத்தார். ஆயினும் அக்குறிப்பால் பயனில்லை. ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் சரியாக ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் திட்டமாகத் தெரியாது. நேரமும் இடமும் உறுதியற்ற குறிப்பு வானியலுக்கு உதவாது. கண்ணுக்கு எட்டியது கணக்குக்கு எட்டவில்லை.

அதே நாளில் சென்னையில் ஆளுநர் பிகட்டின் இல்லத்திலிருந்து வில்லியம் ஹர்ஸ்டு என்னும் ஆங்கிலப் பாதிரியார் அதே காட்சியை அளந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பதை இங்கே நினைக்கவேண்டும். போர் ஒருவருக்கு மறுத்ததை மற்றவர்க்கு அளித்தது. அளித்ததும் ஒருதலையாக அன்று. சுமத்திராவின் பென்கூலனுக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலேயர்களான மேசனும் டிக்சனும் சென்ற கப்பல், புறப்பட்ட சில நாள்களிலேயே பிரெஞ்சுப் போர்க்கப்பலால் தாக்கப்பட்டது. பென்கூலனும் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. அவர்கள் நன்னம்பிக்கை முனையிலேயே தங்கி அங்கிருந்து கடப்பை அளந்தனர். இழப்பு இரு தரப்புக்கும் பொது. வேறுபாடு, ஒருவருக்குக் காலடியில் தரை கிடைத்தது, மற்றவர்க்குக் கிடைக்கவில்லை என்பதே.

வெண்ணெய் திரண்ட நாள்

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அடுத்த கடப்புக்கு எட்டு ஆண்டுகளே உள்ளன, அதையும் பார்த்துவிட்டே திரும்புவது என்று லெ ழாந்தி தீர்மானித்தார். இடைப்பட்ட ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மடகாசுகர்த் தீவின் கரைகளை ஆராய்ந்தார். காற்று, கடலோட்டம், தாவரம், மக்கள் வழக்கம் எல்லாவற்றையும் எழுதினார். 1769ஆம் ஆண்டுக் கடப்புக்கு மணிலா ஏற்ற இடம் எனக் கணக்கிட்டு 1766இல் அங்கே போனார். அங்கிருந்த எசுப்பானிய ஆளுநர் அவர் கொண்டுவந்த கடிதங்களையே ஐயுற்றார். பாரிசு கழகமோ, உடன்படிக்கையால் மீண்டும் பிரான்சுக்குக் கிடைத்துவிட்ட புதுச்சேரியே நல்லது என்று எழுதியது. 1768 மார்ச்சு 27 அன்று, எட்டாண்டு தாமதமாக, அவர் புதுச்சேரியில் கால் வைத்தார்.

ஆளுநர் ழான் லா அவரை அன்போடு வரவேற்றார். இடிந்த கோட்டையின் எச்சங்களின்மேல் ஒரு வான்நோக்கு நிலையம் எழும்பியது. போர்க்காலப் பகையை மறந்து சென்னை ஆங்கிலேயர் நல்லதொரு தொலைநோக்கியை அனுப்பிவைத்தனர். நகரத்தின் தீர்க்கரேகையை அவர் பலமுறை அளந்து உறுதிசெய்தார். முதல் முறை இல்லாமற்போன தரை, கடிகாரம், இடக்கணக்கு மூன்றும் இம்முறை அமைந்துவிட்டன. 1769 மே மாதத்து இரவுகள் பளிங்குபோல் இருந்தன. ஜூன் 3 மாலை ஆளுநரும் அவரும் வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்து மகிழ்ந்தனர்.

ஜூன் 4 விடியலில் வெள்ளி சூரியன்மேல் இருக்கும்போதே சூரியன் உதிக்கவேண்டும். சற்று நேரத்தில் வெள்ளி வெளியேறிவிடும். பார்க்க வேண்டியது அவ்வளவே. விடியுமுன் எழுந்தவர் கண்டது மேகத்தை. காற்று எழுந்து மேகத்தைக் கலைக்கும்போல் தோன்றியது, கலைக்கவில்லை. கடப்பு முடியும்வரை சூரியன் தெரியவே இல்லை. முடிந்த பிறகு தெளிந்த வானில் சூரியன் வெளிப்பட்டது.

அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்ற செய்தி பின்னர் வந்து சேர்ந்தது.

இரு வாரங்களுக்கு மேல் பேனாவைக் கையில் எடுக்க இயலவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஏறத்தாழப் பத்தாயிரம் லீக் தொலைவு கடலைக் கடந்து, தாய்நாட்டைவிட்டு நாடோடியாகத் திரிந்தது, சூரியனுக்கு முன்னால் வந்து நின்ற ஒரு மேகத்தைப் பார்ப்பதற்காகத்தானா என்பது அவருடைய புலம்பலின் சாரம்.

தமிழ் படித்தவர்க்கு இவ்விடத்தில் பட்டினப்பாலையின் தொடக்கம் நினைவுக்கு வராமல் இராது. வெள்ளி திசை மாறித் தெற்கே சென்று வானம் பொய்த்தாலும் தான் பொய்யாத காவிரி என்றல்லவா அப்பாட்டு தொடங்குகிறது? வெள்ளியின் போக்கையும் மேகத்தையும் முடிச்சிட்டுப் பார்த்தவர்கள் நம் புலவர்கள். வெள்ளியைப் பார்த்து, மேகம் வராமற்போகுமோ என்று அவர்கள் கவலையுற்றனர். அதே வெள்ளியைப் பார்க்கவந்த இந்தப் பிரெஞ்சுக்காரர், மேகம் வந்துவிட்டதே என்று கலங்கினார்.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது எனக் கருதுகிறோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற்போவது 1761. அதில் கை யாருடையது, உணவு எப்படி வந்தது என்ற கேள்வி இல்லை. இடையில் வந்த குறுக்கீடு மட்டுமே உண்டு. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது 1769. பாலைக் காய்ச்சி, உறைகுத்தி, மத்தைப் பிடித்துக் கை நோகக் கடைந்தவரின் இழப்பு அது. கிரேக்கக் கிண்ணத்தை ஏந்தியவன் பிறர் உழைப்பை அருந்த நின்றவன். தாழி உடைந்தவரோ உழைத்தவர். அதனால்தான் முதற்கதையைக் கேட்டு நமக்கு ஒரு நிறைவு தோன்றுகிறது. தாழி உடைந்ததைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது. மூன்றும் ஒரே பொருளன என்று அகராதிகள் ஒரே வரியில் போட்டுவிடுகின்றன. அப்படிப் போடுவது சரியன்று.

சோழிகளின் கணக்கு

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது வானியல் வரலாற்றின் சோகக்கதை மட்டுமே. ஆனால் தாழியைச் சுற்றியிருந்த இடத்தை நாம் இன்னும் பார்க்கவில்லை.

புதுச்சேரியில் இருந்த காலத்தில் லெ ழாந்தி உள்ளூர்த் தமிழ்க் கணியர்கள் கிரகணம் கணிப்பதைக் கண்டார். அவர்களிடம் தொலைநோக்கி இல்லை. எழுதுகோலும் தாளும்கூட இல்லை. தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும் கூட்டிக் கழித்தனர். அட்டவணைகள் அனைத்தும் மனப்பாடம். எண்ணுக்கு எழுத்தை ஈடாக்கும் கடபயாதி முறையில் வாக்கியங்களாக அமைந்தவை அவை. சந்திரனின் ஓட்டத்துக்கு மட்டும் 248 வாக்கியங்கள். 248 நாளில் சந்திரன் தன் விரைவுச் சுழற்சியை ஏறத்தாழ ஒன்பது முறை முடிக்கும் என்பது அதன் அடிப்படை. இன்றும் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் வேர் இதுவே.

லெ ழாந்தி அம்முறையை முயன்று கற்றார். 1765 ஆகஸ்டு 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தை எடுத்துத் தமிழ்க் கணக்கையும் ஐரோப்பியக் கணக்கையும் ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாக இருந்தது. அந்நாளில் ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய தோபியாஸ் மையருடையது 68 விநாடி கூடுதலாக இருந்தது. இதனை மறைக்காமல் எழுதினார். தமிழர்களின் வானியல் பற்றிய அவருடைய கட்டுரைகள் பாரிசு கழகத்தின் 1772ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றன. அவருடைய இருபாகப் பயணநூல் 1779, 1781 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது.

இங்கே நாம் சற்று நிதானிக்கவேண்டும். அந்த 41 விநாடியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐரோப்பாவை வென்றோம் என மேடையில் முழங்குவோர் உளர். அவர்கள் அதே மரபைப் பற்றிய மற்றொரு சான்றையும் படிக்கவேண்டும். சென்னையில் 1825இல் வெளியான 'கால சங்கலித' நூலின் ஆசிரியர் ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணியர் அதே சோழி முறையில் அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்ததை விவரிக்கிறார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். ஒரு கணக்கில் விநாடிப் பிழை, மற்றொன்றில் நிமிடப் பிழை. தொலைநோக்கி வைத்து அவ்வப்போது திருத்திக்கொள்ளாத எந்த அட்டவணைக்கும் இது நேரும். அம்மரபின் பெருமை அது பிழையற்றது என்பதில் இல்லை. தாளும் கருவியும் இன்றி, நினைவையும் சோழியையும் மட்டும் கொண்டு, கிரகணம் என்று வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லும் ஒரு கணக்கைப் பல நூற்றாண்டு கைமாற்றிக் காத்ததில் இருக்கிறது. இதை மதிக்க ஐரோப்பாவைத் தோற்கடிக்க வேண்டியதில்லை.

1952இல் கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கபவர் தமிழர் வானியல் குறித்து ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். பாபிலோனியக் களிமண் ஏடுகளில் கண்ட அதே 248 நாள் கணக்கு தென்னிந்தியாவில் உயிரோடு வழங்கியது அவரைக் கவர்ந்தது. அவருக்குக் கைகொடுத்தவை லெ ழாந்தியும் வாரனும் விட்டுச்சென்ற குறிப்புகள். சூரியனின் தொலைவைக் கண்டறிவதில் லெ ழாந்தியின் பங்கு ஏதுமில்லை. அவர் இல்லாமலேயே, 1769இல் பிற இடங்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771இல் 9 கோடியே 37 இலட்சம் மைல் என்று கணித்தார். இன்றைய அளவாகிய ஏறத்தாழ 9 கோடியே 30 இலட்சம் மைலுக்கு அது மிக அருகில் நின்றது. அவர் தேடிவந்தது பிறர் கையில் நிறைவேறிற்று. தேடாமல் கண்டதே அவர் பெயரால் நின்றது.

திரும்பிய பிறகு

ஊர் திரும்பும் வழியும் எளிதாயில்லை. நோயுற்ற உடலோடு 1770 மார்ச்சு 1 அன்று புதுச்சேரியைவிட்டார். பிரெஞ்சுத் தீவிலிருந்து புறப்பட்ட கப்பல் புயலில் சிதைந்து தீவுக்கே மீண்டது. பிறகு எசுப்பானியக் கப்பலொன்றில் காதிசு வந்து, அங்கிருந்து தரைவழியே பிரனீசு மலையைக் கடந்து, 1771 அக்டோபர் 8 அன்று பிரெஞ்சு மண்ணை மிதித்தார். புறப்பட்டுப் பதினொன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இறந்துவிட்டதாக ஊரில் செய்தி பரவியிருந்தது. உரிமையாளர்கள் அவர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். வழக்காடி, செலவையும் தாமே ஏற்க நேர்ந்தது. கழகத்தில் அவர் வகித்த இடமும் மாறிப்போயிருந்தது. பின்னர் மீண்டும் பெற்றார். மணம் செய்து, ஒரு மகளைப் பெற்று, பாரிசு வான்நோக்கு நிலையத்தில் அமைதியாக வாழ்ந்து, 1792இல் மறைந்தார்.

அவரோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கவர் ஷாப் தொத்தரோஷ். அவரும் பிரெஞ்சுக்காரர், அதே கழகத்தவர். 1761இல் சைபீரியாவின் தொபோல்ஸ்கில் கடப்பைக் கண்டார். 1769இல் கலிபோர்னியத் தீபகற்பத்தின் சான் ஹொசேயில் தெளிந்த வானில் மீண்டும் கண்டார், குறையற அளந்தார். அவ்வூரில் பரவியிருந்த கொள்ளைநோய் இரு மாதத்துக்குள், ஆகஸ்டு 1 அன்று அவரைக் கொண்டுபோயிற்று. அவருடைய குறிப்பேடு பாரிசு வந்து சேர்ந்தது, அவர் வரவில்லை. ஒருவருக்கு மது வாயை எட்டியது, உயிர் போயிற்று. மற்றவர்க்குக் கிண்ணம் கவிழ்ந்தது, உயிர் மிஞ்சிற்று. இவர்களுள் யாருக்கு இடையூறு நேர்ந்தது என்று எந்தப் பழமொழியால் சொல்ல முடியும்?

வள்ளுவர் ஊழ் என ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரமும் வைத்தார். முன்னதில் ஊழைவிட வலியது எது என்று கேட்டவர், பின்னதில் தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்றார். இரண்டும் முரண் எனச் சொல்லி ஆண்டுதோறும் மாணவர்கள் நம்மை மடக்குவதுண்டு. அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு குறள் நிற்கிறது. தெய்வத்தால் கைகூடாது போயினும், முயற்சி தன் உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்பது அதன் கருத்து. கேட்ட பொருளைத் தரும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. கூலி தரும் என்றுதான் சொன்னார். லெ ழாந்தி கேட்டது சூரியனின் தொலைவு. கிடைத்த கூலி, தரையில் உட்கார்ந்து சோழி நகர்த்திய ஒரு தமிழ்க் கணியரின் கணக்கு.

2012 ஜூன் 6 காலையில் நாமும் சில மாணவர்களும் கல்லூரி மொட்டைமாடியில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றோம். இனி அடுத்த வெள்ளிக் கடப்பு 2117இல். அதைக் காண நம்மில் யாரும் இருக்கப்போவதில்லை. கீழ்வானில் மேகம். நெடுநேரம் அது அசையவில்லை. பின்பு சில நிமிடம் விலகியது; சிவந்த வட்டத்தின்மேல் எள்ளளவு கரும்புள்ளி தெரிந்தது; மறுபடி மூடிக்கொண்டது. மாணவர்கள் கைதட்டினார்கள். இருநூற்று நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், இதே கடற்கரை வட்டாரத்தில் ஒரு மனிதர் அந்தச் சில நிமிடத்துக்காகக் காத்து நின்றார் என்பது அப்போது நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கைதட்டும் முன் ஒரு கணம் அவரை நினைத்திருப்போம்.